இரைப்பைப் புற்றுநோய்: உங்கள் வீட்டில் யாருக்கு முன்கூட்டியே சோதனை தேவை? முழுமையான வழிகாட்டி

பெரியப்பாவின் பயாப்சி (இரைப்பையிலிருந்து துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவைப் படித்துவிட்டு மருத்துவர் எங்களிடம் முதலில் சிகிச்சையைப் பற்றிப் பேசவில்லை. "இவருடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டார். படுக்கையில் கிடப்பவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பற்றி ஏன் விசாரிக்கிறார் என்று அப்போது எங்களுக்குக் கோபம்கூட வந்தது. அந்தக் கேள்விதான் பின்னால் என் அத்தையையும் அப்பாவையும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது.

பெரியப்பாவுக்கு 58 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதி வந்தார். காலையில் ஆறு இட்லி சாப்பிடுகிறவர் மூன்றோடு கையை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். கேஸ் என்று அவரே முடிவுகட்டி, தெருமுனை மருந்துக்கடையில் பான்டோபிரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை வாங்கி எட்டு மாதம் விழுங்கினார். மாத்திரை எரிச்சலை அடக்கியது. உள்ளே கட்டி வளர்ந்தது. எண்டோஸ்கோபி (வாய் வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை) செய்த அன்று நோய் கல்லீரல் வரை போயிருந்தது.

இரைப்பையின் உள் சவ்விலும் அதை அடுத்த அடுக்கிலும் மட்டும் இருக்கும்போதே இந்த நோயைக் கண்டுபிடித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். சிலருக்கு வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே அந்த இடத்தைச் செதுக்கி எடுத்துவிட முடியும். ஆனால் அந்தக் கட்டத்தில் பெரும்பாலோருக்கு வலியோ வாந்தியோ இருப்பதில்லை. அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கட்டம் கைநழுவிப் போய்விடும். நலமாக நடமாடுகிறவர்களில் யாருக்குச் சோதனை வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் வேலை. அந்த வேலையை எங்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒன்பது பேருக்குச் செய்தோம். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஏன் செய்யக்கூடாது?

ஜப்பானில் 1983 முதல் அரசே இரைப்பைச் சோதனை நடத்துகிறது. முதலில் பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். 2016-இல், 50 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபியும் சேர்ந்தது. தென்கொரியாவில் 40 வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். அந்த நாடுகளில் இந்த நோய் இந்தியாவைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் அங்கே எல்லோரையும் சோதிப்பதில் பொருள் இருக்கிறது.

நம் நாட்டின் தேசியத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை உண்டு. இரைப்பைக்கு இல்லை. ஆனால் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1980-களின் தொடக்கத்திலிருந்து பராமரிக்கப்படும் சென்னைப் பதிவேட்டில், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பை தொடர்ந்து முன்வரிசையில் இருந்து வந்திருக்கிறது. அரசின் திட்டத்தில் இல்லாத, நகரத்தில் அரிதும் அல்லாத ஒரு நோய் இது. யாரைச் சோதிப்பது என்ற பொறுப்பு குடும்பத்தின் மீதும் அவர்களின் மருத்துவர் மீதும்தான் விழுகிறது.

முதல் படி: அறிகுறி உள்ளவரைப் பட்டியலிலிருந்து வெளியே எடுங்கள்

இதைச் சொல்லாமல் அடுத்ததற்குப் போக எனக்கு மனமில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் "முன்கூட்டிய சோதனை"க்கு உரியவர் அல்ல. அவர் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்.

காரணமின்றி எடை குறைவது. தார் போலக் கறுத்த மலம். ரத்த வாந்தி. விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ அடைப்பது. திரும்பத் திரும்ப வாந்தி. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, அதுவும் புதிதாக. நடுத்தர வயதைக் கடந்தபின் முதன்முறையாகத் தொடங்கும் அஜீரணம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை. (இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். மருத்துவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.)

எங்கள் நோட்டில் முதல் பெயராக எழுதியது 61 வயது அத்தையை. "களைப்பாக இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஹீமோகுளோபின் பார்த்தால் 8. நோட்டில் அவர் பெயரை அடித்துவிட்டு நேராக எண்டோஸ்கோபிக்கு அழைத்துப்போனோம். புற்று இல்லை, ரத்தம் கசிந்துகொண்டிருந்த புண். அதற்குச் சிகிச்சை பெற்றுத் தேறினார்.

இரண்டாம் படி: குடும்பக் கொடியை வரையுங்கள்

இருப்பதிலேயே செலவில்லாததும் இதுதான், அதிகம் சொல்லித்தருவதும் இதுதான். பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்ற பிள்ளைகள் ஆகிய மூவகையினரே முதல்நிலை உறவினர். இவர்களில் ஒருவருக்கு இரைப்பைப் புற்று வந்திருந்தால், மற்றவர்களைவிட ஆபத்து சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு. இருவருக்கு வந்திருந்தால் இன்னும் கூடும். என்னைப் போன்ற தம்பி பிள்ளைகள் இரண்டாம்நிலை. எங்களுக்கும் கொஞ்சம் கூடுகிறது, ஆனால் அதே அளவுக்கு இல்லை.

கொடியை வரைவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீடுகளில் புற்றுநோய் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாள், ஊரார் என்ன நினைப்பார்கள் என்று மறைத்தவை ஒரு தலைமுறைக்குப் பிறகு யாருக்கும் தெரியாமலே போய்விடுகின்றன. அதனால் நோயின் பெயரைக் கேட்காமல், எப்படி இறந்தார் என்று கேளுங்கள். பாட்டியிடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டேன். "வயிற்றில் புண். சோறு இறங்கவில்லை. கடைசியில் மகோதரம் கண்டு வயிறு பானை மாதிரி ஆகிவிட்டது, ஆள் எலும்பும் தோலுமாகப் போனார்" என்றார். அது நிச்சயம் இரைப்பைப் புற்றுதான் என்று சொல்ல முடியாது. கல்லீரல் நோயிலும் வயிற்றில் நீர் கட்டும். ஆனால் சோறு இறங்காமல், உடல் வற்றி, கடைசியில் நீர் கோத்தது என்ற வரிசை மருத்துவரின் காதில் விழ வேண்டியது. "குன்மம்", "வயிற்றுக் கட்டி", "உள்ளே அழுகிவிட்டது" என்று எந்தச் சொல்லில் சொன்னாலும் அப்படியே எழுதி, இறந்தபோது என்ன வயது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

நோயாளியின் பயாப்சி அறிக்கையைத் தூக்கி எறியாதீர்கள். அதில் "இன்டெஸ்டினல்" (குடல் அணுக்களைப் போல இருப்பது), "டிஃப்யூஸ்" (அணுக்கள் சிதறிப் பரவியிருப்பது) என்ற இரண்டில் எந்த வகை என்று எழுதியிருக்கும். டிஃப்யூஸ் வகை 50 வயதுக்குள் வந்திருந்தாலோ, அந்த வகையோடு குடும்பத்தில் இன்னொருவருக்கும் இரைப்பைப் புற்று இருந்தாலோ, பெண்களுக்கு லோபுலர் என்ற வகை மார்பகப் புற்று இருந்தாலோ, மரபணு ஆலோசனை கேட்க வேண்டும். சிடிஎச்1 என்ற மரபணுவின் பழுது இப்படிக் குடும்பம் குடும்பமாக நோயைக் கொண்டுவரும் என்பதை 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பங்களில்தான் கண்டுபிடித்தார்கள். இந்த வகையில் புற்றணுக்கள் சவ்வுக்கு அடியில் ஒளிந்திருக்கும். எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லை என்பதை நம்பி உட்கார முடியாது. இவர்களுக்கான பாதை வேறு, மரபணு மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது. பெருங்குடல் புற்று பலருக்கு வந்த குடும்பங்களிலும், லிஞ்ச் என்ற மரபுவழி நோய்க்குறி இருக்கிறதா என்று கேட்பது நல்லது.

பெரியப்பாவுடையது இன்டெஸ்டினல் வகை. நாங்கள் பொதுவான பாதையிலேயே போனோம்.

மூன்றாம் படி: வயதும் பாலினமும்

ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. 40-க்குக் கீழே அரிது, 50-க்கு மேல் ஏறுகிறது. குடும்பத்தில் நோய் இருந்தால் 40 முதல் 45-க்குள் தொடங்கலாம். உறவினருக்கு இளவயதிலேயே வந்திருந்தால் அந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே தொடங்கச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

மேல் வரம்பும் இருக்கிறது. பாட்டிக்கு 82 வயது. பெற்ற மகனுக்கு நோய் வந்ததால் அவரும் முதல்நிலை உறவினர்தான். ஆனால் அறிகுறி ஏதும் இல்லாத, இதயம் பலவீனமான ஒருவருக்கு, பத்தாண்டு கழித்து வரக்கூடிய நோயைத் தேடிக் குழாய் விடுவதால் நன்மையைவிடத் தொல்லைதான் அதிகம். அவரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அது புறக்கணிப்பு என்று அத்தை அழுதார். மருத்துவரே பாட்டியிடம் நேரில் பேசிய பிறகுதான் அத்தையின் மனம் ஆறியது.

நான்காம் படி: பழைய ஃபைல்களைத் துழாவுங்கள்

பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் பழைய மருத்துவ அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். முன்பு செய்த எண்டோஸ்கோபியில் "அட்ரோஃபி" (சவ்வு தேய்ந்துபோதல்), "இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா" (இரைப்பைச் சவ்வு குடல் சவ்வு போல மாறுதல்), "டிஸ்பிளேசியா" (அணுக்கள் புற்றை நோக்கித் திரிதல்), "அடினோமா" வகைப் பாலிப் (சவ்வில் முளைக்கும் சிறு கட்டி) ஆகிய சொற்களில் ஏதாவது இருந்தால், அவர் குடும்ப வரலாறு இல்லாவிட்டாலும் தேர்வாகிறார். புற்று ஒரே நாளில் முளைப்பதில்லை. நாள்பட்ட அழற்சி, தேய்வு, குடல்வகை மாற்றம், திரிபு என்று படிப்படியாக, பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் படிகளில் எதில் நிற்கிறார் என்பதை அந்தப் பழைய தாள் சொல்லிவிடும். பலர் "கேன்சர் இல்லை" என்ற ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டு அதை மூடி வைத்துவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, அந்தக் காலத்தில் "அல்சர் ஆபரேஷன்" செய்துகொண்டவர்கள். வயிற்றின் நடுவே நெடுகத் தழும்போடு நம் தாத்தா தலைமுறையில் பலரைப் பார்த்திருப்பீர்கள். இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்தவர்களுக்கு 15, 20 ஆண்டுகள் கழித்து மீதமுள்ள பகுதியில் ஆபத்து கூடுகிறது. இரண்டாவது, பெர்னீஷியஸ் அனீமியா என்ற பி12 குறைபாட்டு ரத்தசோகை. உடலே தன் இரைப்பைச் சவ்வைத் தாக்குவதால் வருவது. சைவ உணவால் வரும் சாதாரண பி12 குறைவோடு இதைக் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம். மருத்துவர் இரண்டையும் பிரித்துச் சொல்வார்.

ஐந்தாம் படி: பழக்கங்கள்

புகையிலை சந்தேகத்துக்கு இடமில்லாத காரணம். பீடி, சிகரெட் இரண்டும் கணக்கில் வரும். எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை, எப்போது நிறுத்தினார் என்று எழுதுங்கள். அதிகக் குடியும் சேரும்.

உணவில் உப்புதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் என்கிறது. மூன்று வேளையும் ஊறுகாய், மோர் மிளகாய், வாரம் பல நாள் கருவாடு, அப்பளம் என்றால் அந்த அளவு காலை உணவிலேயே தீர்ந்துவிடும். காரம்தான் புற்றைக் கொண்டுவருகிறது என்று நம்மில் பலர் நம்புகிறார்கள். உப்புக்கு எதிராக இருக்கும் அளவுக்கு மிளகாய்க்கு எதிராகச் சான்று உறுதியாக இல்லை. காசிமேட்டுக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர்கள் எல்லோரும் பட்டியலில் ஏற வேண்டியதில்லை. பழக்கம் மட்டுமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் போதாது. வயதோ குடும்ப வரலாறோ ஏற்கெனவே இருக்கும்போது தராசைச் சாய்ப்பது அது.

ஆறாம் படி: கிருமிச் சோதனை

ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பையின் அமிலத்திலேயே குடியிருக்கும் கிருமி. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றை உண்டாக்கும் காரணிகளின் முதல் தொகுதியில் சேர்த்தது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடாதீர்கள். இந்தியப் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. "பாசிட்டிவ்" என்ற ஒரு சொல்லை வைத்து எண்டோஸ்கோபிக்கு ஆள் எடுத்தால் சென்னையே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதே நேரம், நோயாளியின் முதல்நிலை உறவினருக்கு இந்தக் கிருமி இருந்தால் அதை ஒழிப்பதால் மிகப் பெரிய பலன் உண்டு. தென்கொரியாவில் இத்தகைய உறவினர்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், கிருமியை நீக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்குப் புற்று வரும் ஆபத்து பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. பெரியப்பாவின் மகனுக்கு (என் அண்ணன்) 34, மகளுக்கு (என் அக்கா) 31. இருவருக்கும் எண்டோஸ்கோபி வேண்டாம், கிருமிச் சோதனை மட்டும் போதும் என்று முடிவெடுத்தது இதனால்தான்.

மூச்சுச் சோதனை, மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதம்) சோதனை இரண்டும் நம்பகமானவை. ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்), கிருமி போன பிறகும் நெடுநாள் இருந்துகொண்டே இருக்கும். இப்போது கிருமி இருக்கிறதா என்று அறிய அது ஏற்றதல்ல. சோதனைக்கு இரண்டு வாரம் முன்பு பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் வகை மாத்திரைகளையும், நான்கு வாரம் முன்பு ஆன்டிபயாட்டிக்குகளையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். அண்ணனுக்கு முதல் முறை அப்படித்தான் நடந்தது. பெரியப்பா விட்டுச்சென்ற மாத்திரை அட்டையிலிருந்தே அவரும் விழுங்கிக்கொண்டிருந்தார், சோதனைக் கூடத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. இரண்டு வாரம் நிறுத்திவிட்டுச் செய்தபோது பாசிட்டிவ். எந்த மாத்திரையையும் மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள். சிலருக்கு, குறிப்பாக ரத்தக் கசிவைத் தடுக்க அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு, நிறுத்துவது ஆபத்து.

சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். வாய் கசக்கும், வயிறு கலங்கும். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். முடிந்து நான்கு வாரமாவது கழித்து மறுபடி மூச்சுச் சோதனை செய்து, கிருமி போய்விட்டது என்று உறுதி செய்ய வேண்டும். அந்த மறுசோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏழாம் படி: பெப்சினோஜென், கிடைத்தால்

இரைப்பைச் சவ்வு தேய்ந்திருக்கிறதா என்பதை ரத்தத்திலிருந்தே ஊகிக்கும் சோதனை. பெப்சினோஜென் என்பது இரைப்பைச் சவ்வு சுரக்கும் ஒரு செரிமானப் பொருள், 1, 2 என்று இரு வகை. பெப்சினோஜென் 1-இன் அளவு 70 அல்லது அதற்குக் கீழும், 1-க்கும் 2-க்கும் உள்ள விகிதம் 3 அல்லது அதற்குக் கீழும் இருந்தால் தேய்வு இருக்கக்கூடும். ஜப்பானில் இதையும் கிருமிச் சோதனையையும் சேர்த்து மக்களை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கிறார்கள். சீனாவில் வயது, பாலினம், கிருமி ஆன்டிபாடி, பெப்சினோஜென் விகிதம், கேஸ்ட்ரின்-17 என்ற ஹார்மோன், ஊறுகாய் வகை உணவு, பொரித்த உணவு ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் போட்டு, 25-க்கு 17-ம் அதற்கு மேலும் வந்தால் அதிக ஆபத்து என்கிறார்கள். அந்த எண்கள் அவர்களின் மக்களை வைத்துச் செய்தவை. நமக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்டோஸ்கோபிக்குத் தயங்குகிறவரை ஒப்புக்கொள்ள வைக்க இந்த ரத்தச் சோதனை உதவும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் முடிவு தவறாக வரும்.

"மாஸ்டர் செக்கப்" எடுத்தேன், எல்லாம் நார்மல் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வயிற்று ஸ்கேனில் தொடக்கநிலை இரைப்பைப் புற்று தெரியாது. சிஇஏ, சிஏ 19-9 போன்ற ரத்தக் குறியீடுகளும் தொடக்கநிலையைப் பிடிக்க உதவாது. இந்தப் பணத்தை மிச்சப்படுத்தி எண்டோஸ்கோபிக்கு வையுங்கள்.

எட்டாம் படி: பட்டியலைப் பிரியுங்கள்

இனி நோட்டில் நான்கு கட்டங்கள். "உடனே": அத்தை. "எண்டோஸ்கோபி": 55 வயது அப்பா, 49 வயது சித்தப்பா. இருவரின் அண்ணனான பெரியப்பாவுக்கு உறுதியான நோய், தந்தையான தாத்தாவுக்குச் சந்தேகம். அப்பா இருபது ஆண்டு சிகரெட் பிடித்து விட்டவர், சித்தப்பா இன்னும் பிடிக்கிறார். "முதலில் கிருமிச் சோதனை": அண்ணன், அக்கா. ஒரே வீட்டில் புழங்கியதால் பெரியம்மாவையும் இதில் சேர்த்தோம், கிருமி பெரும்பாலும் குடும்பத்துக்குள்தான் பரவுகிறது. "இப்போதைக்கு வேண்டாம்": பாட்டி, என் அம்மா, நான்.

உங்கள் வீட்டுக்கு விதியாகச் சொல்வதானால்: 40-ஐத் தாண்டியிருக்க வேண்டும், அதோடு முதல்நிலை உறவில் நோய், பழைய அறிக்கையில் சவ்வு மாற்றம், பழைய இரைப்பை அறுவை, பெர்னீஷியஸ் அனீமியா ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். புகை, உப்பு, கிருமி ஆகியவை அந்த ஒன்றோடு சேரும்போது அவசரத்தைக் கூட்டுகின்றன. நோட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். கடைசி முடிவு அவருடையது.

ஒன்பதாம் படி: எண்டோஸ்கோபி அன்று

சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்றவற்றில், இரைப்பை குடல் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கி, குடும்ப வரலாற்றை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். "கேஸ் தொல்லை" என்று தொடங்கினால் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள்.

ஆறு மணி நேரம் சாப்பிடக்கூடாது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து இருந்தால் முன்னாளே கேட்டுவிடுங்கள். தொண்டையில் மரப்பு மருந்து அடிப்பார்கள். குமட்டும், ஆனால் மூச்சு நிற்காது. அப்பாவுக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. மூக்கால் மூச்சை இழுத்து விடச் சொன்ன செவிலியர் கடைசி வரை அவர் தோளில் கைவைத்தபடியே நின்றார்.

தேடிப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்குக் குழாய் உள்ளே போனது முதல் வெளியே வரும் வரை 7 நிமிடமாவது வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவர்களின் அளவுகோல். குடும்ப வரலாறு உண்டு என்று முன்கூட்டிச் சொன்னால் மருத்துவர் அதற்கேற்ப நிதானமாகப் பார்ப்பார். சவ்வு சாதாரணமாகத் தெரிந்தாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்தும் உடற்பகுதியிலிருந்தும் தனித்தனிக் குப்பிகளில் பயாப்சி எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். தேய்வு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அறிக்கை, படங்கள், பயாப்சி முடிவு மூன்றையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பத்தாம் படி: அடுத்த தேதி

தேய்வோ குடல்வகை மாற்றமோ இரைப்பையின் கீழ்ப்பகுதி, உடற்பகுதி இரண்டிலும் பரவியிருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. தேய்வு முற்றிய நிலையில் இருந்து, முதல்நிலை உறவிலும் நோய் இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. கீழ்ப்பகுதியில் மட்டும் லேசான மாற்றம், குடும்ப வரலாறும் இல்லை, கிருமியும் இல்லை என்றால் பெரும்பாலும் தொடர்சோதனை தேவைப்படாது. குடும்ப வரலாறு இருந்தால் அந்த லேசான மாற்றத்துக்கும் மூன்று ஆண்டு. டிஸ்பிளேசியா என்று வந்தால் காத்திருக்கக் கூடாது. அனுபவமுள்ள மையத்தில் உயர்தரக் கருவியால் மறுபடி பார்க்க வேண்டும். எல்லாம் சீராக இருந்தால் எப்போது திரும்புவது என்பதை மருத்துவர் உங்கள் வரலாற்றைப் பார்த்துச் சொல்வார்.

அப்பாவுக்குக் கீழ்ப்பகுதியில் குடல்வகை மாற்றம் இருந்தது, கிருமியும் இருந்தது. 14 நாள் மருந்து முடித்து, மூச்சுச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்து வரும் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, என் கைப்பேசியிலும் அக்காவின் கைப்பேசியிலும் பதிந்திருக்கிறோம். அண்ணனுக்குக் கிருமி போய்விட்டது. அக்காவுக்கும் பெரியம்மாவுக்கும் இல்லவே இல்லை. சித்தப்பா இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் கடையில் வேலை என்று வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நானே அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதாகச் சொல்லியிருக்கிறேன்.